சீரீஸ் போர்டும் பேர் தெரியாத பெட்டிகளும்

பழைய மின்கருவிகளைச் சோதிக்கும் என் சீரீஸ் போர்டில் இருந்த 100 வாட் குண்டு பல்ப் ஃபியூஸ் போய்விட்டது. அதே நேரத்தில் நண்பர் ஒருவரிடமிருந்து கேள்வி: "சர்ப்ளஸ் லாட் (கழித்துக்கட்டிய பழைய கருவிகள்) எடுத்து விற்கலாம்னு இருக்கேன். வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கணுமா, சீரீஸ் போர்டே போதுமா?" இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். போர்டு எப்படி இருக்கும் என்று விளக்கப் போவதில்லை. ஃபேஸ் வயரில் பல்ப், அதற்கடுத்து சோதிக்கும் பெட்டியைச் செருக சாக்கெட், அவ்வளவுதான். பெட்டியில் ஷார்ட் இருந்தால் பல்ப் முழுசாக எரிந்து கரண்டைக் கட்டுப்படுத்திவிடும்.

முதலில் திட்டிவிடுகிறேன். எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் பவர் சப்ளை) உள்ள எந்தப் பெட்டியைச் செருகினாலும் இந்த பல்ப் கண் சிமிட்டுகிறது. பக்கென்று எரியும், அணையும், மறுபடி எரியும். பெட்டி நல்ல பெட்டியாக இருந்தாலும் இதே கூத்துதான். லீனியர் சப்ளைக்கு, அதாவது பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகைக்கு, வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறாது. எஸ்எம்பிஎஸ் அப்படியில்லை, வோல்டேஜ் குறையக் குறைய அதிகக் கரண்ட் இழுக்கும். கரண்ட் ஏறினால் பல்ப் சூடாகும், அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சாக்கெட்டில் வோல்டேஜ் இன்னும் விழும். கன்ட்ரோல் ஐசி "போதாது" என்று நின்றுவிடும். நின்றதும் வோல்டேஜ் ஏறும், ஐசி மறுபடி கிளம்பும். இப்படியே விடிய விடிய.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 230 வோல்ட், 100 வாட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் முழு வெளிச்சத்தில் 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் 40 ஓம் பக்கம்தான் காட்டும். இழையின் இந்தக் குணத்தை வைத்துக் கணக்குப் போட்டால், பல்பின் வாட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்டிக்குப் போய்ச் சேரவே சேராது. 100 வாட் பல்ப் வழியாக 35 வாட் சொச்சம், அதுவும் ஹீட்டர் மாதிரி நேரான லோடுக்கு. எஸ்எம்பிஎஸ் துடிப்புத் துடிப்பாகக் கரண்ட் இழுப்பதால் இன்னும் குறைவு. 60 வாட் பெட்டியை 100 வாட் பல்பில் போட்டுவிட்டு "கிளம்பவில்லை, டெட்" என்று சீட்டு ஒட்டுபவர்கள் நல்ல சரக்கைத்தான் உடைசல் விலைக்குத் தள்ளுகிறார்கள்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய அளவீட்டுக் கருவிகளில் இந்த போர்டுக்கு ஈடு கிடையாது. சுவிட்ச் போட்டதும் ஒரு மின்னல், ஃபில்டர் கெப்பாசிட்டர் நிரம்பியதும் இரண்டு நொடியில் மங்கல்: பவர் சப்ளையில் பெரிய கோளாறு இல்லை. முழு வெளிச்சத்திலேயே நின்றால் கோளாறு பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் டையோடுகள்), கெப்பாசிட்டர் அல்லது டிரான்ஸ்ஃபார்மரில். துளி வெளிச்சமும் இல்லையென்றால் ஃபியூஸ் அல்லது சுவிட்ச். சாக்கெட்டுக்குக் குறுக்கே மல்டிமீட்டரையும் மாட்டிக்கொள்ளுங்கள். 20 வாட் இழுக்கும் லீனியர் கருவிக்கு 230இல் 200க்கு மேல் நிற்க வேண்டும். பின்புறத்து வோல்டேஜ் செலக்டர் 115இல் கிடக்க, அதைப் பார்க்காமல் 230இல் செருகிவிட்டால்கூட பல்ப் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்துக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் போகட்டும், இந்த ஒன்றுக்காகவே போர்டுக்குச் சாதம் போடலாம்.

பல்ப் பொய் சொல்லாது, படிப்பவர்தான் தப்பாகப் படிக்கிறார். விமானத்திலிருந்து கழற்றிய பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டில் 115 வோல்ட், 400 சைக்கிள் என்று போட்டிருக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு 400 ஹெர்ட்ஸுக்கு என்று சிறிதாக்கியது. அதே 115 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் கோரில், அதாவது அந்த இரும்பில், எட்டு மடங்கு ஃப்ளக்ஸ் (காந்தப் பாயம்) கேட்கும். கோர் நிறைந்துபோய் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி இழுக்கும். பல்ப் முழுசாக எரியும். உடனே "டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். ஷார்ட்டே இல்லை. டீகாஸ் காயில் (திரையின் காந்தத்தை நீக்கும் சுருள்) உள்ள பழைய பிக்சர் டியூப் மானிட்டரும் சில நொடி பளீரென்று எரிய வைத்துத்தான் அடங்கும். ஓவன் கிரிஸ்டல் (துல்லியத்துக்காகச் சூடாகவே வைக்கப்படும் குவார்ட்ஸ்) உள்ள ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் சில நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக மங்கும். அந்த மெதுவான மங்கல் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். உள்ளே ஓவன் ஆப்ஷன் இருக்கிறது என்று அர்த்தம், விளம்பரத்தில் முதல் வரியில் போட வேண்டியது அதுதான்.

ஆகவே பெட்டி என்னவென்று தெரிந்த பிறகுதான் போர்டு பக்கம் போக வேண்டும். தகடு கிழிந்திருந்தாலும் வழி உண்டு. ராணுவச் சரக்கில் 13 இலக்க ஸ்டாக் நம்பர் இருந்தால் முதல் நான்கு இலக்கம் பொருளின் வகுப்பு: 6625 என்றால் மின் அளவீடு, சோதனைக் கருவி, 5960 எலக்ட்ரான் வால்வு, 5945 ரிலே. அடுத்த இரண்டு இலக்கம் எந்த நாடு பதிந்தது என்பதற்கு. முன்பக்கத்தில் செவ்வகக் குழாய் வாய் (மைக்ரோவேவ் செல்லும் வேவ்கைடு) இருந்தால் வெர்னியரை எடுங்கள். உள் அகலம் 22.86, உயரம் 10.16 மில்லிமீட்டர் என்றால் டபிள்யூஆர்-90 அளவு, அதாவது 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை. அந்த 90 என்பது அங்குலத்தில் நூறில் 90, உள் அகலமேதான். பிஎன்சி (திருகி மாட்டும் கேபிள் கனெக்டர்) போலவே இருந்து, இரண்டு காதுக்குப் பதில் மூன்று காது இருந்தால் டிரையாக்ஸ், மூன்று அடுக்குக் கேபிளுக்கானது. பெரும்பாலும் மிக நுண்ணிய கரண்ட் அளக்கும் கருவி. அதை "பிஎன்சி உடைந்தது" என்று எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள், வாங்குபவருக்கு அன்று அதிர்ஷ்டம்.

பழைய எச்பி (ஹியூலெட்-பேக்கர்ட்) கருவிகளில் சீரியல் நம்பர் 2415ஏ என்று தொடங்கினால் 24ஐ 1960உடன் கூட்டுங்கள்: 1984, 15ஆவது வாரம். ஆனால் அது தயாரித்த தேதி இல்லை, வடிவமைப்பில் கடைசி மாற்றம் வந்த தேதி. தயாரித்த காலம் வேண்டுமென்றால் உள்ளே ஐசிகளின் நான்கு இலக்க எண்களில் ஆகப் புதியதைப் பாருங்கள், முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம். 7402 என்று கண்டால் மட்டும் நிதானம். அது பாகத்தின் எண்ணா, 1974இன் இரண்டாவது வாரமா என்று பக்கத்து ஐசியைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 1820 என்று தொடங்கும் எச்பி எண் டிஜிட்டல் ஐசி, 1826 லீனியர், 1854 என்பிஎன் டிரான்சிஸ்டர். ஆர்எஃப் பவர் டிரான்சிஸ்டரின் வெள்ளை செராமிக்கை உரசவோ உடைக்கவோ வேண்டாம், பெரிலியம் ஆக்சைடாக இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம்.

என் பெரிய கோபம் இன்னும் பாக்கி. 80களுக்குப் பிந்தைய பல கருவிகளில் கேலிபரேஷன் எண்கள் (அளவீட்டைச் சரியாக்கும் திருத்த எண்கள்) லித்தியம் பேட்டரியில் உயிர் பிடித்திருக்கும் ரேமில் கிடக்கின்றன. கருவியின் விலையில் பாதி அந்த எண்கள்தான். பல்ப் சிமிட்டும்போது உள்ளே 5 வோல்ட் சப்ளை ஏறி இறங்கும், பிராசஸர் பாதியில் எழுந்து பாதியில் விழும். நல்ல ரீசெட் சர்க்யூட் இருந்தால் தப்பிக்கும். இல்லையென்றால் கண்ட இடத்தில் கண்டதை எழுதிவைக்கவும் வாய்ப்பு உண்டு. காக்க வந்த பல்பே கருவியின் நினைவை அழிப்பது என்ன நியாயம்? எஸ்எம்பிஎஸ் உள்ள அளவீட்டுக் கருவியைச் சிமிட்ட விட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். இரண்டு சிமிட்டலில் ஷார்ட் இல்லை என்பது தெரிந்துவிடும். உடனே அணைத்து, பெட்டியின் சொந்த ஃபியூஸை நம்பி நேராகக் கொடுங்கள். அதற்கு முன் பேட்டரியை அளந்துவிடுங்கள். 3 வோல்ட் செல் 2.5க்குக் கீழே என்றால் மாற்ற வேண்டியதுதான், ஆனால் அதே முனைகளில் வெளியிலிருந்து டையோடு வழியாக 3 வோல்ட் கொடுத்துக்கொண்டே கழற்ற வேண்டும். மெயின்ஸ் நுழைவில் மஞ்சளாக, ஒளி ஊடுருவும் உறையோடு காகித கெப்பாசிட்டர் இருந்து, உறையில் வெடிப்பும் தெரிந்தால் பவர் கொடுக்கும் முன்பே மாற்றுங்கள். அதே மதிப்பு, எக்ஸ்2 வகை (மெயின்ஸுக்குக் குறுக்கே போடத் தக்கது).

இன்னொன்று: சீரீஸ் போர்டு ஐசோலேஷன் தராது, மெயின்ஸிலிருந்து பெட்டியைப் பிரித்து வைக்காது. பல்ப் மங்கலாக இருந்தாலும் ஷாக் ஷாக்தான். மெயின்ஸ் பின்களுக்கும் பாடிக்கும் நடுவே முதலில் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) பாருங்கள், 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் செருகவே வேண்டாம்.

விற்கும்போது "சோதிக்கவில்லை" என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை, "கெட்டது" என்றே படிக்கிறார்கள். "ஆன் ஆகிறது" என்பதும் உப்புச் சப்பில்லாதது. இப்படி எழுதிப் பாருங்கள்: "100 வாட் சீரீஸில் பல்ப் மங்கியது, பிறகு நேரடியாக 20 நிமிடம், ப்ளஸ் 5 சப்ளையில் 5.03, மைனஸ் 12இல் 11.9, செல்ஃப் டெஸ்ட் தேறியது, அளவீட்டுத் துல்லியம் பார்க்கவில்லை." கூடவே தகடு, பின்பக்கக் கனெக்டர்கள், மூடி திறந்த நிலையில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு, ஓடும்போது டிஸ்ப்ளே, நான்கு படம். விஷயம் தெரிந்த ஆள் அந்த வரியைப் பார்த்ததும் பேரத்தைக் குறைத்துக்கொள்வார்.

நண்பருக்குப் பதில்: எஸ்எம்பிஎஸ் சரக்குதான் அதிகம் வருகிறதென்றால் இந்த போர்டு ஒரு தலைவலி, 10க்கு 4 மதிப்பெண்கூடத் தாராளம். வேரியாக் வாங்கினாலும் அதே பெட்டிகள் அதே இடத்தில் மக்கர் பண்ணும், ஷார்ட் வந்தால் கரண்டைத் தடுக்கவும் ஆளிருக்காது. ஆகவே போர்டையே செய்துகொள்ளுங்கள், நானும் மறுபடி அதைத்தான் செய்கிறேன். எல்இடி பல்ப் ஆகாது, அதுவே ஒரு குட்டி எஸ்எம்பிஎஸ். ஐரோப்பாவில் 2009 செப்டம்பரிலிருந்தே 100 வாட் குண்டு பல்புக்குத் தடை என்பதால், கிடைக்காத இடத்தில் 230 வோல்ட் ஹாலஜன் போடலாம், குணம் அதேதான். இந்த முறை செராமிக் ஹோல்டர் மூன்று: 40, 100, 150 வாட், ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், தேவைக்கேற்பப் பேரலலாகச் சேரும்படி. பல்பைத் தாண்டி நேராகக் கொடுக்க பைபாஸ் சுவிட்ச் ஒன்று, பைபாஸில் இருக்கும்போது மட்டும் எரிகிற சிவப்பு நியானோடு.