கபடி ஜெர்சிக்கு எந்தத் துணி? ஒரே செட் வைத்திருக்கும் அணிக்காக

எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி அணிக்குப் போன ஆவணியில் புது ஜெர்சி தைத்துக் கொடுத்தேன். களத்தில் 7 பேர், வெளியே 5 பேர், ஆக 12 ஜெர்சி. மாற்று செட் கிடையாது. தைப்பதற்கு முன் மூன்று சாம்பிள் போட்டுப் பார்த்தேன்: 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பருத்தி, 160 ஜிஎஸ்எம் பாலியஸ்டர் இன்டர்லாக் (நெருக்கமான ஒரு வகைப் பின்னல்), அப்புறம் லைக்ரா என்ற எலாஸ்டிக் இழை கலந்த பாலியஸ்டர். இன்டர்லாக்கைத்தான் எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். பருத்தி உடம்புக்கு இதம். லைக்ரா நன்றாக இழுபடும், விலையும் அதிகம். பெயரும் நம்பரும் சப்ளிமேஷனில் அடிப்பதென்றால் பருத்தியை மறந்துவிடலாம். சுமார் 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்தான் இறங்கும், பருத்தியில் பிடிக்காது. பருத்தியில் ரப்பர் பிரிண்ட்தான் போட வேண்டும். அது முதுகில் ஒரு தகடு மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும், நாளாக நாளாக வெடிக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை. ராத்திரி துவைத்தது காலைக்குள் காய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் போட்டிகள் பெரும்பாலும் இரண்டு நாள், விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவு தாண்டியும் ஓடும். முதல் நாள் செம்மண்ணில் புரண்ட ஜெர்சியை அடுத்த நாளும் போட்டாக வேண்டும். மூன்று சாம்பிளையும் ஒரே வாளியில் நனைத்து, கையால் பிழிந்து, இரவு பத்து மணிக்கு வீட்டுக்குள் கொடியில் போட்டேன். மழை நேரம். காலை ஐந்து மணிக்குத் தொட்டுப் பார்த்தால் இன்டர்லாக் முழுக்கக் காய்ந்திருந்தது. லைக்ராவில் இடுப்பு மடிப்பு மட்டும் சில்லென்று இருந்தது. பருத்தியில் கழுத்து ரிப், அக்குள் தையல், கீழ் மடிப்பு எல்லாம் ஈரம். துணி இரண்டு மூன்று அடுக்காகச் சேரும் இடங்கள் அவை. உடம்பில் உரசிப் புண்ணாக்கும் இடங்களும் அவையேதான்.

காரணம் இழையிலேயே இருக்கிறது. சாதாரண அறைக் காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம்தான். பருத்தி இழை தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். பாலியஸ்டரில் தண்ணீர் இழைகளுக்கு நடுவில்தான் நிற்கும், அதனால் சீக்கிரம் பறந்துவிடும்.

சரி, பாலியஸ்டரில் நாற்றம் வருமே என்பார்கள். வரும், உண்மைதான். உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு அந்த இழையில் விடாமல் ஒட்டும், நாற்றத்தைக் கிளப்பும் கிருமிகளும் அதில் தங்கும். எங்கள் ஊரில் போர் தண்ணீர் வேறு. உப்புத் தண்ணீரில் பார் சோப்பு போட்டால் நுரை வராமல் வெள்ளையாகத் திரியும், அந்தத் திரிசல் துணியின் கண்களில் போய் அடைக்கும். ஒரு மாதத்தில் அணியில் ஆடும் கோகிலா வந்து, "அக்கா, துவைச்சாலும் வேர்த்தவுடனே பழைய வாடை அடிக்குது" என்றாள். சட்டையை வாங்கி உள்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். புதிதாக இருந்தபோது உடனே பரவிய சொட்டு இப்போது முத்து மாதிரி நின்றது. சோப்போடு வாசனைக் கண்டிஷனரும் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டையும் நிறுத்தி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து அலசச் சொன்னேன். மூன்று துவைப்பில் சொட்டு மறுபடி பரவியது, வாடையும் போனது. வேர்த்த ஜெர்சியைச் சுருட்டிப் பையிலேயே விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் இன்னும் வாராவாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தில் பருத்திக்கு மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். கல்லில் அடிக்கலாம், கொதிக்கிற தண்ணீரில் போடலாம், எந்த சோப்பும் போடலாம். தினசரிப் பயிற்சிக்கு வீட்டில் இருக்கும் பழைய பருத்தி பனியனே போதும் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

துணி வாங்கும்போது கடையில் 'டிரைஃபிட்' என்று மட்டும் கேட்காதீர்கள். அது நைக்கியின் வணிகப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி எந்தப் பாலியஸ்டரையும் கையில் கொடுத்துவிடுவார்கள். என்ன நிட்டிங், எத்தனை ஜிஎஸ்எம் என்று கேளுங்கள், சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓட்டத்துக்கு நல்லதென்று சொல்லப்படும் ஓட்டை ஓட்டையான மெஷ் கபடிக்கு வேண்டாம். பிடிக்கும்போது விரலும் நகமும் அதில் மாட்டிக் கிழியும். இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நெருக்கமாகப் பின்னியது. நிறம் கரும்பச்சை என்பதால் நனைந்தாலும் உள்ளே தெரிவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயம் கிடையாது. அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்து, தையலை ஃபிளாட்லாக்கில், அதாவது உடம்பில் உரசாத தட்டைத் தையலில் முடித்தேன். கையை முழுக்க நீட்டித் தொடும்போது சட்டை மேலே ஏறுவதில்லை.

லைக்ராவை நான் சாம்பிளோடு நிறுத்திக்கொண்டேன், அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். உடம்போடு ஒட்டி நிற்பதால் எதிராளிக்குப் பிடி கிடைப்பது குறைவு, அது பெரிய லாபம். ஆனால் நம்பர் இழுபடும் இடத்தில் அடியிலுள்ள வெள்ளை தெரிந்தது. கறை போக ப்ளீச்சிங் போட்டால் அந்த எலாஸ்டிக் இழை செத்துவிடும், செம்மண் கறைக்கு எங்கள் வீடுகளில் முதலில் கை போவதே அதற்குத்தான். இரண்டு பேருக்கு மட்டும் ஷார்ட்ஸ் லைக்ராவில் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு வருஷமாவது அடிபட்ட பிறகுதான் மற்ற பத்துப் பேருக்கும் தைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.