தூத்தூர் பக்கம் பந்துகளி பார்க்க: கேபிளா, ஃப்ரீ டிஷ்ஷா?

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை எங்கள் கடற்கரையில் டி.வி. இணைப்பு எடுப்பவர் முதலில் கேட்பது, “பந்துகளி வருமா?” என்பதுதான். பந்துகளி என்றால் எங்கள் பேச்சில் கால்பந்து. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2018-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆடப் போன பிறகு அந்த ஆர்வம் இன்னும் கூடிவிட்டது. நான் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். வீட்டில் கேபிள், தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டி.டி. ஃப்ரீ டிஷ் இரண்டுமே இருக்கின்றன. இரண்டும் தேவை என்பதே என் முடிவு.

கேபிளின் பெரிய பலம் மலையாள சேனல்கள். ஐ.எஸ்.எல். ஆட்டங்களை 2023-24-இல் சூர்யா மூவீஸ் மலையாளத்தில் காட்டியது, அடுத்த சீசனில் ஏசியாநெட் பிளஸ். சினிமா சேனலில் பந்து ஓடும் என்று யாரும் நினைப்பதில்லை. அதனால் சீசன் தொடங்கும்போது விளையாட்டு சேனல்களோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். ஷைஜு தாமோதரனின் மலையாள வர்ணனை கேட்டுப் பழகியவர்களுக்கு வேறு குரலில் ஆட்டம் ஏறாது. எனக்கும் அப்படித்தான்.

தமிழ் வர்ணனைக்கு 2017-இல் வந்த ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் இருக்கிறது. 2021-இல் சோனி டென் 4 என்று வந்த சோனி ஸ்போர்ட்ஸ் டென் 4-இல் தமிழும் தெலுங்கும் ஒரே சேனலில் வரும். தெலுங்கில் பேசுகிறார்கள் என்று மாற்றிவிட வேண்டாம், ரிமோட்டில் மொழிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 2019 கட்டண முறைப்படி ஒரு சேனலைத் தனியாகவும் கேட்டு வாங்கலாம். பெரிய பேக் தலையில் கட்டப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

கேபிளில் எனக்கு மிகவும் பிடித்தது உள்ளூர் சேனல். திருவிழாவை ஒட்டி நடக்கும் ஊர்ப் போட்டிகளை நேரலையாகக் காட்டுகிறார்கள். ஒரே கேமரா, கார்னர் கிக் வந்தால் பாதி மைதானம் தெரியாது. ஸ்கோரையும் திரையில் போடுவதில்லை, அதை அவசியம் சரிசெய்ய வேண்டும். ஆனாலும் நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் ஆடுவதை வேறு எந்த சேனல் காட்டும்?

சரி, அப்புறம் ஃப்ரீ டிஷ் எதற்கு? கேபிளில் டி.டி. ஸ்போர்ட்ஸ் இருந்தும், இந்தியா கிரிக்கெட் ஆடும்போது அதில் ஆட்டம் வராது. “சாரே, அது கேபிள்ல வராது” என்று கேபிள்காரர் சொன்னது உண்மைதான். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பை தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. அப்படிக் கிடைப்பதைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உலகக் கோப்பை கால்பந்தின் தொடக்க ஆட்டமும் காலிறுதி முதல் இறுதி வரையுள்ள ஆட்டங்களும் அப்படிப் பகிர வேண்டிய ஆட்டங்களின் பட்டியலில் உண்டு. ஐ.பி.எல். இல்லை. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கும் செலவோடு சரி, மாதக் கட்டணம் கிடையாது.

இதன் செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கே, நல்ல உயரத்தில் இருக்கிறது. அதனால் தென்னைக்கு நடுவிலும் டிஷ்ஷுக்கு இடம் கிடைத்துவிடும். ஆனால் நமக்கு இரண்டு மழைக்காலம். கனத்த மழையில் படம் உறைந்து நிற்கும், அதற்கு வழியில்லை. இன்னொன்று உப்புக்காற்று. கிளாம்புக்கும் நட்டுகளுக்கும் மாட்டுகிற அன்றே துரு பிடிக்காத பெயின்ட் அடித்துவிடுங்கள். துருப்பிடித்து டிஷ் கொஞ்சம் அசைந்தாலும் சிக்னல் போய்விடும்.