உபுட்டில் ஒரு டீஹியூமிடிஃபையர்: பதினான்கு மாதம் ஓட்டிய பிறகு

சிங்கப்பூரில் ஒருவர் என்னிடம் வாங்கிய நீர்வண்ண ஓவியத்தைச் சுவரில் மாட்டிய மூன்றாவது வாரம் ஒரு படம் அனுப்பினார். கண்ணாடிக்கு உள்பக்கம், நான் வெறுமையாக விட்டிருந்த வானத்தில், மிளகுத்தூள் தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள். "இது ஓவியத்தில் இருப்பதுதானா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தார். இல்லை, பூஞ்சணம். பணத்தைத் திருப்பி அனுப்பினேன், அனுப்பிய அன்றைக்கே காற்றின் ஈரத்தை இழுத்து நீராக்கும் இந்த இயந்திரத்துக்கு ஆர்டர் போட்டேன்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பிரயோஜனம் இல்லை. இதே வெள்ளைப் பெட்டி இங்கே ஆன்லைனில் நாலைந்து பெயர்களில் கிடைக்கிறது, ஸ்டிக்கர் மட்டும்தான் வேறு. கம்ப்ரஸர் வைத்தது, நாளைக்கு 20 லிட்டர் நீர் இழுக்கும் என்று சொல்லப்படும் ரகம், 35 லட்சம் ருபியா. லட்சம் என்றதும் பயப்பட வேண்டாம், நம் காசுக்குச் சுமார் 19,000 ரூபாய். ஆனால் மாதாமாதம் ஓவியம் விற்றால்தான் வாடகை என்று இருக்கிற எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

பாலியில் நான்காவது வருடம் ஓடுகிறது. உபுட்டுக்குப் பக்கத்தில் வயல் ஓரமாக ஒரு வீடு. இங்கே இருக்கும் வெளிநாட்டு ஓவியர்களின் படங்களில் வீடு எப்போதும் காலை வெயிலில், வாழையிலை நிழலோடு, ஒரு காபிக் கோப்பையோடு இருக்கும். அந்தக் காபியை வைத்த மேஜையின் அடிப்பக்கம் பச்சையாகப் பூத்திருப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை, காலையில் காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைப் பார்த்தால் 90 சதவீதத்துக்கு மேல் காட்டும். தோல் செருப்பு, பெல்ட், பாஸ்போர்ட் அட்டை எல்லாம் பூக்கும். நான் நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவள், ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஓதம் காத்து அலமாரித் துணி நாறுவதைப் பார்த்தே வளர்ந்தவள், ஓதம் எனக்குப் புதிது இல்லை. ஆனால் ஊரில் தை பிறந்தால் எல்லாம் காய்ந்துவிடும். இங்கே கோடையிலும் முழுதாகக் காய்வதில்லை.

நீர்வண்ணக்காரர்களுக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. நல்ல பருத்தித் தாளில் ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பார்கள், வண்ணம் தாளுக்குள் உடனே இறங்கிவிடாமல் மேலேயே நின்று பரவுவது அதனால்தான். தாள் மாதக்கணக்கில் ஓதத்தில் கிடந்தால் அந்தப் பசை அங்கங்கே செத்துப்போகும். பார்வைக்குத் தெரியாது. தூரிகையை வைத்ததும்தான் தெரியும், ஓர் இடத்தில் வண்ணம் அழகாக ஓடும், அடுத்த அங்குலத்தில் மையொற்றும் தாளில் விட்ட மாதிரி திட்டாக உள்ளே போய்விடும். இறக்குமதித் தாள், ஒரு தாளின் விலைக்கு இங்கே மூன்று வேளை நாசி சம்பூர் சாப்பிடலாம். அப்படி முப்பது தாள் போச்சு.

இயந்திரத்துக்கு முன்னால் செய்து பார்க்காதது இல்லை. சிலிகா ஜெல் மூட்டை மூட்டையாக வாங்கினேன், நீலம் இரண்டே நாளில் இளஞ்சிவப்பாகிவிடும், மறுபடி வறுத்து வறுத்து வாணலிதான் போச்சு. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பா வேலை செய்யும், ஆனால் அடியில் சேர்ந்த நீரை ஒரு நாள் தாள்கட்டின் மேலேயே கவிழ்த்துவிட்டேன். அலமாரிக்குள் குண்டு பல்பு எரிய விடும் பழைய வைத்தியமும் பார்த்தாயிற்று, சுமார். ஏசி வைத்துக்கொள்ளேன் என்றார்கள். ஏசி தண்ணீர் இழுப்பது உண்மைதான், ஆனால் அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது, நின்ற கொஞ்ச நேரத்திலேயே ஈரம் திரும்ப ஏறிவிடுகிறது. குளிர்ந்த கண்ணாடியில் வியர்வை வேறு.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். உள்ளே இருப்பது குட்டி ஏசியேதான். மின்விசிறி காற்றை இழுத்துக் குளிர்ந்த குழாய்மேல் விடுகிறது, நீர் திரண்டு தொட்டியில் சொட்டுகிறது, அதே காற்று சூடான குழாய்மேல் போய் அறைக்குள்ளேயே திரும்பி வருகிறது. ஏசியில் அந்தச் சூடு வெளியே போகும், இதில் போகாது. மின்சாரம் தரும் சூடு, ஆவி நீராகும்போது விடும் சூடு, இரண்டும் அறைக்குள்தான். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அறையில் 27 டிகிரி 31 ஆகிவிடுகிறது. விளம்பரத்தில் ஒரு பெண் இதன் பக்கத்தில் போர்வையோடு தூங்குகிறாள். அவள் பாலியில் இல்லை.

20 லிட்டர் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது, 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் மாறாமல் வைத்திருக்கும் சோதனை அறைக் கணக்கு. அறை காயக் காய இழுக்கும் நீரும் குறையும், அது இயற்கை, மோசடி இல்லை. அறையைச் சரியாக அடைத்த பிறகு எனக்கு முதல் நாள் 9 லிட்டர் வந்தது, அவ்வளவு தண்ணீரும் என் சுவரிலும் தாளிலும் மெத்தையிலும் இருந்தது என்று நினைத்தபோது கொஞ்சம் குமட்டியது. பத்து நாளில் தினம் 3, 4 லிட்டர் என்று அடங்கிவிட்டது. 82இல் இருந்த அறை இப்போது 55இல் நிற்கிறது. அதன் முகப்பில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், என்னுடையது 6 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. சரிபார்ப்பது சுலபம். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு ஈரமணல் பதத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தனி ஈரமானி ஒன்றோடு சேர்த்து காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். உள்ளே சரியாக 75 இருக்க வேண்டும். வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு அந்த ஈரமானியை நம்புங்கள்.

வாங்குவதற்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று: இந்த இயந்திரத்துக்கு மூடிய அறை வேண்டும். சிரிக்காதீர்கள், பாலி வீட்டில் மூடிய அறை என்று ஒன்று கிடையாது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, காற்று வரட்டும் என்றுதான் விட்டிருப்பார்கள். என் வரைகிற இடத்துக்கு மூங்கில் தட்டிச் சுவர், ஒரு பக்கம் சுவரே இல்லை. முதல் வாரம் அங்கே வைத்துத்தான் ஓட்டினேன். ராத்திரி பகலாக ஓடியது, தொட்டி நிறைந்துகொண்டே இருந்தது, ஈரமானி ஒரு புள்ளி இறங்கவில்லை. நான் உபுட் முழுவதையும் காயவைக்கப் பார்த்திருக்கிறேன். அப்புறம் செங்கல் சுவர் உள்ள உக்கிராண அறையைக் காலி செய்து, கூரை இடைவெளியைப் பலகையால் அடைத்து, ஜன்னலுக்கு சிலிகான் பூசி, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டிய பிறகுதான் வேலை செய்தது. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் உட்கார்ந்து வரையலாம் என்ற கனவையும் விட்டுவிடுங்கள். சூடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம், எல்லாவற்றையும் விட, வண்ணம் காயும் வேகம். வெளியே திண்ணையில் ஒரு பூச்சு அரை மணி நேரம் ஈரமாகவே நிற்கும், ஈரத்தின் மேல் ஈரம் வைத்து மேகமும் மூடுபனியும் வரைவதற்கு அதைவிட என்ன வேண்டும், என் வேலை மொத்தமும் இந்த ஈரத்தில்தான் பழகியது. உலர்ந்த அறையில் ஓரங்கள் கத்தி மாதிரி காய்ந்துவிடுகின்றன. அதனால் வரைவது வெளியே, வைப்பது உள்ளே. தாளை வெளியே கொண்டுவந்ததும் அரை மணி நேரம் சும்மா விடுங்கள், அது காற்றின் ஈரத்தைக் குடித்து விரிந்து முடிக்கட்டும், இல்லையென்றால் வரையும்போதே அப்பளம் மாதிரி நெளியும்.

மின்சாரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். இங்கே ப்ரீபெய்ட், காசு கட்டினால் 20 இலக்க டோக்கன் வரும், அதை மீட்டரில் அடிக்க வேண்டும், தீரப் போகும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி மீட்டர் பீப் பீப் என்று கத்தும். இயந்திரம் 320 வாட், நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடுகிறது என்றால் மாதம் 77 யூனிட். என் இணைப்புக்கு யூனிட் 1,444.70 ருபியா, ஆக மாதம் 1 லட்சத்து 11 ஆயிரம், நம் ஊர்க் கணக்கில் 600 ரூபாய்க்குப் பக்கம், வரி தனி. அது தாங்கும். தாங்காதது, 1,300 வோல்ட்-ஆம்பியர் இணைப்புக்கு 6 ஆம்பியர் பிரேக்கர்தான் போட்டுத் தருகிறார்கள் என்பது. இயந்திரம், ரைஸ் குக்கர், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி நாலும் சேர்ந்தால் டப்பென்று எல்லாம் அணையும். சோறு வைக்கும்போது இதை நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

குறைகள். தொட்டி 3 லிட்டர்தான், நிறைந்ததும் நின்றுவிட்டுக் கத்தும், கத்துவது எப்போதும் விடிகாலை மூன்று மணிக்கு. தொடர்ந்து வடிய குழாய் போடும் துவாரம் உண்டு, குழாய் பெட்டியில் இல்லை, அளவும் கடைகளில் கிடைக்கிற எந்தக் குழாய்க்கும் பொருந்தாத அளவு. ஏழாவது மாதம் தொட்டியின் மிதவை சிக்கிக்கொண்டு, காலித் தொட்டியோடு நிறைந்துவிட்டது என்று அடம் பிடித்தது. விற்றவருக்கு எட்டு செய்தி அனுப்பினேன், எட்டுக்கும் கைகூப்பிய பொம்மை ஒன்று வந்தது. கடைசியில் மோட்டார் பைக் சரிசெய்யும் பையன் ஒருவன் ரப்பர் பேண்டும் பேப்பர் கிளிப்பும் வைத்துச் சரி பண்ணினான், இன்று வரை அதுதான் ஓடுகிறது.

தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. என் வீட்டில் பத்து நாளுக்கு ஒருமுறை. காரணம் வீட்டுக்கார அம்மா, இபு. 210 நாளுக்கு ஒருமுறை தும்பெக் லண்டெப் என்று ஒரு சனிக்கிழமை வரும், முதலில் கிரிஸ் கத்திக்கும் ஆயுதங்களுக்கும் பூஜை செய்த நாள், இப்போது கார், பைக், கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துவிட்டது. நம் ஆயுத பூஜையேதான், சுண்டலும் பொரியும் மட்டும் இல்லை. அன்றைக்கு என் இயந்திரத்துக்கும் சானாங் பூத்தட்டு வைத்து தீர்த்தம் தெளித்து, ஊதுவத்தியைக் காற்று இழுக்கும் கம்பிக்குள்ளேயே செருகிவிட்டார். பூ உள்ளே, சாம்பல் உள்ளே. ஒரு வாரம் என் தாளெல்லாம் கோயில் வாசனை. அதோடு விடவில்லை, இபுவுக்கு இயந்திரம் பிடித்துப்போய்விட்டது, இப்போது சின்னத் தட்டு ஒன்று தினமும் வருகிறது. தரையில் வையுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

அவரிடம் சிங்கப்பூர்க் கதையைச் சொன்னபோது, "கெட்டுப்போனால் இன்னொன்று வரைந்து தரக்கூடாதா?" என்றார். கிண்டல் இல்லை, இங்கே வழக்கமே அதுதான். கோயில் சிற்பங்களுக்கு மெத்தென்ற எரிமலைக் கல், மழையில் கரையும், கரைந்தால் மறுபடி செதுக்குவார்கள். பனையோலைச் சுவடி இற்றுப்போனால் பிரதி எடுப்பார்கள், நம் ஊரிலும் அப்படித்தானே இத்தனை பாட்டு தப்பிப் பிழைத்தது. கமசான் கிராமத்தில் துணிக்கு அரிசிமாவுப் பசை பூசிச் சோழியால் தேய்த்து மெருகேற்றித்தான் வரைகிறார்கள், பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்து வைத்தது போலத்தான், அதைப் பற்றி யாரும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. வரைந்த ஒன்றை அப்படியே நூறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற பதற்றம் வெளியிலிருந்து வந்த எங்களுடையது. 1932இல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஓவியர் ல மேயர், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கேன்வாஸ் கிடைக்காமல் பாகோர் என்னும் ஓலைநார்ச் சாக்கில் வரைந்தார், சனூர் கடற்கரையில் இருந்த அவர் வீடுதான் இப்போது அருங்காட்சியகம். அந்தச் சாக்கு ஓவியங்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குப் படம் மனதில் ஏறுவதில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் கடல் என்பதுதான் ஏறுகிறது.

எனக்கு இன்னொன்று வரைந்து தரும் பெருந்தன்மை கிடையாது, அதை விற்றுத்தான் சாப்பாடு. அதனால் இயந்திரம் ஓடுகிறது. வருடத்தில் ஒரே நாள் நானாக நிறுத்துவது ஞெப்பி என்னும் மௌன நாளுக்கு. அன்றைக்குத் தீவு முழுக்க விளக்கு கூடாது, வண்டி கூடாது, வெளியே தலை காட்டக் கூடாது, இந்தச் சனியனுக்கு அணைக்க முடியாத நீல விளக்கு ஒன்று இருக்கிறது. மறுநாள் காலை ஈரமானி 71. அடைத்த அறைக்கே ஒரே நாளில் இவ்வளவு.

தாள், ஓவியம், கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்கள் அறையை அடைக்க முடியுமானால் வாங்கலாம். திறந்த வீட்டுக்கு வேண்டாம். படுக்கையறைக்கு வேண்டவே வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை, மிதவைக்காகத்தான் அரை குறைத்தேன், ஒன்று விற்றவருக்காக.

பின்குறிப்பு, மூன்று வாரம் கழித்து: பக்கத்து வீட்டில் மரச்சிற்பம் செய்யும் டச்சுக்காரர் ஒருவர் இருக்கிறார், தன் பட்டறையிலும் பூஞ்சணம் என்று ஒரு வாரத்துக்கு இதைக் கடன் வாங்கிப் போனார். பூஞ்சணம் போய்விட்டது. ஐந்து மாதம் செதுக்கிய உருவம் வேகமாகக் காய்ந்து, தோளிலிருந்து இடுப்பு வரை வெடித்தும்விட்டது. மரத்தில் வேலை செய்பவர்கள் 65க்குக் கீழே இறக்காதீர்கள், அதையும் மெதுவாக, வாரத்துக்கு இரண்டு மூன்று புள்ளியாக இறக்குங்கள். தொட்டியைக் கழுவித் துடைத்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் பேச்சு இல்லை.