வேலை போன அன்றே கைபேசியும் காலியானது

வேலை போனது போகட்டும். ஆட்குறைப்பு என்றார்கள், ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டுக்கொடுத்தேன். அரை மணி நேரத்தில் மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அதற்காக இதை எழுதவில்லை.

அன்று மாலை என் கைபேசி தானாக அணைந்து, மீண்டும் எழுந்து, புதிதாக வாங்கியதுபோல மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. படங்கள் இல்லை, எண்கள் இல்லை. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் நுழைவுக் குறியீடு தரும் செயலியும் சேர்ந்தே போயிருந்தது. என் கணக்குக்குள் நானே நுழைய நான்கு நாள் பிடித்தது. வேலை தேட வேண்டியவனுக்கு அந்த நான்கு நாள் எவ்வளவு பெரியது!

கைபேசி என் காசில் வாங்கியது. ஆனால் சேர்ந்த புதிதில், அலுவலக அஞ்சலைப் பார்ப்பதற்கென்று ஒரு மேலாண்மைச் செயலியை நிறுவச் சொன்னார்கள். ‘எல்லாத் தரவையும் அழிக்கலாம்’ என்று அது கேட்ட அனுமதியைப் படிக்காமலே கொடுத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் அலுவலகச் செயலிகளைத் தனிப் பகுதியாகப் பிரித்து வைக்க வழி உண்டு. அப்படிச் செய்திருந்தால் நிறுவனம் அழித்தது அந்தப் பகுதியோடு நின்றிருக்கும். அதை யாரும் சொல்லவில்லை. மனிதவளத் துறைக்கு எழுதியதற்கு, “நீங்கள் ஒப்புக்கொண்டதுதான்” என்று ஒற்றை வரியில் பதில்.

நான்காம் நாள் இன்னொன்று தெரிந்தது. அந்த மடிக்கணினியில் என் சொந்த மின்னஞ்சலை மூடாமல் விட்டிருந்தேன். கணக்கின் சாதனப் பட்டியலைப் பார்த்தால், கணினி என் கையைவிட்டுப் போன இரண்டாம் நாளும் அதில் கணக்கு திறந்திருக்கிறது. யார் திறந்தார்கள், எதைப் படித்தார்கள் என்பதற்குப் பதிலே வரவில்லை.

ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற ஊழியரின் உரையாடல்களை நிறுவனம் கண்காணித்து, 2007-இல் அவரை வேலையைவிட்டு நீக்கியது. அவருடைய தனிவாழ்வு உரிமை காக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2017 ஆகிவிட்டது. பத்து ஆண்டு! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலை முன்னாள் ஊழியரும் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

ஆட்குறைப்பு சொல்லிக்கொண்டு வராது. ஆகவே இன்றிரவே ஆண்ட்ராய்டு கைபேசி அமைப்புகளில் ‘சாதன நிர்வாகி’ பட்டியலைத் திறந்து பாருங்கள். அலுவலகச் செயலி அங்கே இருந்தால், முதலில் எல்லாவற்றையும் நகலெடுங்கள், பிறகு அதை நீக்குங்கள். அலுவலக அஞ்சல் கைபேசிக்கு வராது. வராமல் போகட்டும்.