லவலா, கான்ராடா?

அமெரிக்கக் கடற்படை விமானிகளில் விண்வெளிக்குப் போனவர்கள் நிறைய. அவர்களில் ஜிம் லவலையும் பீட் கான்ராடையும் மட்டும் நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இருவரும் ஏறியது ஒரே படிக்கட்டு. 1958இல் மேரிலாந்தின் பேட்டக்ஸன்ட் ரிவர் தளத்தில், சோதனை விமானிகளுக்கான பள்ளியில் ஒரே வகுப்பு. முதலிடம் லவலுக்கு. அவருக்கு 'ஷேக்கி' என்று பட்டப்பெயர் வைத்தவர் கான்ராட். 1959இல் அமெரிக்காவின் முதல் மனித விண்வெளித் திட்டமான மெர்குரிக்கு நடந்த தேர்வில் இரண்டு பேருமே கழித்துக்கட்டப்பட்டார்கள். லவலுக்கு ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கொஞ்சம் கூடுதல். கான்ராட், மருத்துவச் சோதனை செய்தவர்களோடு மல்லுக்கு நின்றார். 1962இல் அடுத்த விண்வெளி வீரர் குழுவில் இருவருக்கும் இடம் கிடைத்தது.

மெர்குரிக்கு அடுத்து வந்த ஜெமினி திட்டத்தில் ஆளுக்கு இரண்டு பயணம். அதில் யார் உசத்தி என்று சண்டை போட ஒன்றுமில்லை.

பாதை பிரிந்தது நிலவுக்கு ஆளை அனுப்பிய அப்பல்லோவில். லவல் அப்பல்லோ 8, 13 என்று இருமுறை நிலவுவரை போயும் அதில் கால் வைக்கவில்லை. அவருடைய குழுவுக்கு முதலில் ஒதுக்கியிருந்தது அப்பல்லோ 14. 13க்கு ஒதுக்கியிருந்த ஆலன் ஷெப்பர்டின் குழுவுக்குக் கூடுதல் பயிற்சி தேவைப்பட்டதால் மாற்றிப் போட்டார்கள். 1970 ஏப்ரலில், பூமியிலிருந்து 3 லட்சம் கி.மீ.க்கும் அப்பால் அப்பல்லோ 13இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. கலத்தைச் சுற்றிச் சிதறிய துணுக்குகள் மின்னியதில் எது நட்சத்திரம் என்றே தெரியவில்லை. சூரியனை வைத்துத் திசை சரிபார்த்தார்கள். பிறகு, கணினியை அணைத்திருந்த நிலையில், ஜன்னலில் தெரிந்த பூமியின் பகல்-இரவுக் கோட்டைக் குறிவைத்துக் கையாலேயே கலத்தைத் திருத்தினார்கள்.

லவலுக்கு இருட்டில் வழி தேடுவது புதிதல்ல. ஒருமுறை ஜப்பான் பக்கத்துக் கடலில், இரவில் பான்ஷீ விமானத்தில் விமானந்தாங்கிக் கப்பலுக்குத் திரும்பும்போது, தானே செய்த விளக்கைச் செருகப்போய் விமானி அறையின் வெளிச்சம் மொத்தமும் அணைந்துவிட்டது. அந்தக் கும்மிருட்டில்தான் கீழே பச்சையாக ஒரு கோடு தெரிந்தது: கப்பல் கலக்கிவிட்ட நீரில் ஒளிரும் நுண்ணுயிர்கள். அதைப் பிடித்துக்கொண்டே கப்பலைக் கண்டுபிடித்தார்.

கான்ராட் வேறு மாதிரி. அப்பல்லோ 12 கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது. அப்படியும் நிலவில், முன்பே அங்கு இறங்கியிருந்த ஆளில்லா சர்வேயர் 3 கலத்துக்குச் சுமார் 160 மீட்டர் பக்கத்தில் இறக்கினார். நான்கு மாதம் முன்பு ஆம்ஸ்ட்ராங் குறியைத் தாண்டிப் பல கி.மீ. தள்ளித்தான் இறங்கியிருந்தார். ஆடும் கப்பல் தளத்தில் இறங்கிப் பழகிய கை என்பது இதுதான் (ஆம்ஸ்ட்ராங்கும் அதே கடற்படை விமானிதான் என்று யாராவது சண்டைக்கு வரலாம், சரி).

விண்வெளியில் கழித்த நேரம் லவலுக்கு 715 மணி, கான்ராடுக்கு 1,179. ஆனாலும் ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர் லவல். அவர் கதை 1995இல் சினிமாவாகவே வந்துவிட்டது. என் ஓட்டு கான்ராடுக்குத்தான், அதுவும் நிலவுக்காக அல்ல, 1973இல் அமெரிக்காவின் விண்வெளி நிலையமான ஸ்கைலாப்பில் அவர் செய்த வேலைக்காக. ஏவும்போதே நிலையத்தின் ஒரு சூரியத் தகட்டுச் சிறகு பிய்ந்துபோக, மற்றொன்று உலோகப் பட்டையில் சிக்கித் திறக்காமல் கிடந்தது. ஜூன் 7 அன்று கான்ராடும் அவர் குழுவில் இருந்த ஜோ கெர்வினும் வெளியே போய், நீளமான கம்பின் நுனியில் மாட்டிய வெட்டுக்கருவியால் பட்டையை அறுத்தார்கள். சிறகு அப்போதும் அசையவில்லை. சிறகை இழுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் தோளைக் கொடுத்து நெம்பினார்கள். சட்டென்று சிறகு விடுபட, இரண்டு பேரும் விண்வெளியில் தூக்கி எறியப்பட்டார்கள். பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தபோது சிறகு விரிந்திருந்தது.