கப்பல் துறைச் சான்றிதழ்: திருமலைப் பிள்ளைகளுக்கு எது பொருந்தும்?

உயர்தரம் முடித்தவர்களும் திருகோணமலை கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் வணிகம் படித்தவர்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி: கப்பல், லொஜிஸ்டிக்ஸ் பக்கம் போவதென்றால் எங்கே படிப்பது? துறைமுகம் கண்முன்னே இருக்கிற ஊரில் அந்த எண்ணம் வருவது இயல்புதான்.

பெரிதாகப் பேசப்படுகிற வழிகள் இரண்டு. ஒன்று, பிறருடைய சரக்கை அனுப்பிக் கொடுக்கும் ஃபோர்வார்டிங் தொழில் செய்கிற கம்பெனிகளே உறுப்பினராக இருக்கும் இலங்கை லொஜிஸ்டிக்ஸ் மற்றும் ஃபிரைட் ஃபோர்வார்டர்ஸ் சங்கம் நடத்தும் ஃபியாட்டா டிப்ளோமா. மற்றது, லண்டனில் தலைமையகம் உள்ள, கப்பல் தரகர்களுக்கான இன்ஸ்டிட்யூட் ஒஃப் சார்ட்டட் ஷிப்புரோக்கர்ஸ் நடத்தும் பரீட்சை. சுருக்கமாக ஐசிஎஸ். கொழும்பில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். இங்கிருந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு வேலைகளுக்கு ஆள் தயார் செய்கின்றன.

முதலில் சங்கத்தின் படிப்பு. ஃபியாட்டா என்பது சரக்கு முகவர் சங்கங்களின் உலக அமைப்பு, 1926இல் வியன்னாவில் தொடங்கியது. அதன் டிப்ளோமா கையில் இருந்தால் டுபாயிலோ டோஹாவிலோ உள்ள கம்பெனிக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை. கன்டெய்னர் புக்கிங், சரக்குக்கு ஃபோர்வார்டர் தரும் ஹவுஸ் பில்லுக்கும் கப்பல் கம்பெனி தரும் மாஸ்டர் பில்லுக்கும் உள்ள வித்தியாசம், எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரையான விலை), சிஐஎஃப் (காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்த விலை) என்ற விலைகளில் பொறுப்பு எந்த இடத்தில் கைமாறுகிறது, விமானச் சரக்கு, ஆபத்தான பொருட்களைக் கையாளுதல் என்று பாடங்கள் நேரே அலுவலக மேசைக்கு வருபவை. பகலில் அதே வேலையைச் செய்கிறவர்கள் வந்து கற்பிப்பதுதான் சங்கப் படிப்பின் உண்மையான பலம். நாளைக்கு நேர்முகத்தில் எதிரே உட்காரப் போவதும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்தான். வேலை சீக்கிரம் கிடைப்பதற்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை.

ஆனால் ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்கு இன்று எந்த வேலைக்கு ஆள் வேண்டுமோ அதைத்தான் படிப்பிக்கும். அதில் பிழை சொல்ல முடியாது. அந்த வேலை கொழும்புத் துறைமுகத்தின் கன்டெய்னர்களிலும் கட்டுநாயக்கா விமானச் சரக்கிலும் இருக்கிறது. நம் துறைமுகத்துக்கு வருவது மொத்தச் சரக்கு, அதாவது கன்டெய்னரில் அடைக்காமல் கப்பலில் அப்படியே நிரப்பி வருவது: சீனக்குடாவில் பிறீமா ஆலைக்குக் கோதுமை, டோக்கியோ சிமெந்துக்குக் கிளிங்கர் என்ற சிமெந்து மூலப்பொருள், எண்ணெய்த் தாங்கிகளுக்கு எரிபொருள்.

இங்கேதான் ஐசிஎஸ் முன்னுக்கு வருகிறது. 1911இல் தொடங்கி, 1920இல் அரச பட்டயம் பெற்ற அமைப்பு அது. கப்பல் கம்பெனிகளின் சங்கம் அல்ல, தனி ஆட்கள் பரீட்சை எழுதி உறுப்பினராகும் தொழில்முறை நிறுவனம். உலர் சரக்குக் கப்பலை வாடகைக்கு எடுப்பது, எண்ணெய்க் கப்பல், துறைமுகத்தில் கப்பலின் சார்பில் அலுவல் பார்க்கும் முகவர் வேலை எல்லாம் அதன் பாடத்திட்டத்தில் தனித் தனித் தாள்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 30,000 தொன் கோதுமையோடு ஒரு கப்பல் வருகிறது. நாளொன்றுக்கு 5,000 தொன் இறக்க வேண்டும் என்பது ஒப்பந்தம் என்றால், அனுமதித்த நேரம் 6 நாள். அதைத் தாண்டினால் டெமரேஜ், அதாவது கப்பல்காரருக்குக் கட்ட வேண்டிய தாமதக் கட்டணம். நாளுக்கு 12,000 டொலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணித்தியாலத்துக்கு 500 டொலர். மார்கழி மாதம், வாடைக்காற்றோடு மழை பிடிக்கிறது. கோதுமை நனையக் கூடாது, ஹட்ச்சை (கப்பலின் சரக்கறை வாயிலை) மூடுகிறார்கள். நல்ல காலநிலை நேரம் மட்டும் கணக்கில் சேரும் என்று ஒப்பந்தம் சொன்னால், மழை நேரம் கழிக்கப்படும். ஆகவே மழை தொடங்கிய நேரம், ஹட்ச் மூடிய நேரம், மழை விட்ட நேரம், திரும்ப இறக்கத் தொடங்கிய நேரம் எல்லாவற்றையும் ஜெட்டியில் நிற்கும் முகவரின் ஆள் நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். அந்தத் தாளை வைத்துத்தான் பிறகு பணம் பேசப்படும். இன்னொன்று, அனுமதித்த நேரம் முடிந்து டெமரேஜ் ஓடத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு பெய்கிற மழைக்குப் பொதுவாகக் கழிவு கிடையாது. இது தெரிந்த பிள்ளைக்குத் திருமலையில் மதிப்பு இருக்கிறது. ஃபோர்வார்டிங் படிப்பில் இதை இந்த ஆழத்துக்குப் படிக்க மாட்டீர்கள்.

சரி, கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். ஐசிஎஸ் தகுதிப் பரீட்சையில் 7 தாள்கள், எல்லாம் ஆங்கிலத்தில் விரிவாக எழுத வேண்டியவை. தமிழ் மொழியில் உயர்தரம் எழுதிவிட்டு நேரே போய் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். கட்டணம் பவுண்டில் கணக்கிடப்படுவதால், 2022இல் ரூபா சரிந்த பிறகு அது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய சுமை. ஆறுதல் என்னவென்றால், தொலைக்கல்வியாக வீட்டிலிருந்தே படிக்கலாம், தாள்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். சங்கத்தின் படிப்பு இலேசானது, சீக்கிரம் முடிவது. ஆனால் கொழும்பை மையமாகக் கொண்டது. வார இறுதி வகுப்புக்கு இங்கிருந்து 260 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போய் வருவது இலேசான காரியம் இல்லை, பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம். சேருவதற்கு முன் எத்தனை வகுப்பு இணையவழியில் நடக்கும், கடைசியில் கிடைப்பது ஃபியாட்டா டிப்ளோமாவா, சங்கத்தின் சொந்தச் சான்றிதழா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒன்றல்ல.

சிஐஎல்டி, அதாவது லொஜிஸ்டிக்ஸ் மற்றும் போக்குவரத்துக்கான பட்டய நிறுவனத்தின் படிப்பும் இருக்கிறது. களஞ்சியம், போக்குவரத்து, தொழிற்சாலை விநியோகம் என்று போகிறவர்களுக்கு நல்லது, ஜெட்டி வேலைக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை. அரச தொழிற்பயிற்சியின் என்விகியூ (தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ்) செலவு குறைந்த வழி. ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்கள் அந்த அனுபவத்தை மதிப்பிடச் செய்தே சான்றிதழ் பெறும் வசதி அதில் உண்டு.

என் தெரிவைக் கேட்டால், கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போகத் தயாரான தம்பி தங்கச்சிமாருக்குச் சங்கத்தின் டிப்ளோமாதான். ஊரில் இருந்துகொண்டே முகவர் அலுவலகத்தில் வளர நினைப்பவர், முதலில் ஒரு வருடம் ஆங்கில எழுத்தைச் சரிப்படுத்திவிட்டு ஐசிஎஸ் தாள்களில் துறைமுக முகவர் பாடத்தையும் உலர் சரக்கையும் முதலில் எடுக்கட்டும்.

சங்கத்தாரிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. திருமலையில் ஒரு வகுப்புத் தொகுதி தொடங்குங்கள். மாதத்தில் இரண்டு வார இறுதிக்கு இரண்டு விரிவுரையாளர்கள் இங்கே வந்தால் போதும், மொத்தச் சரக்கு பற்றி ஒரு பாடத்தையும் அதோடு சேர்த்தால் இன்னும் நல்லது. வகுப்பறை தர இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.