டெலிகேட் ஆர்ச் நடைப்பாதை: குழுவாகப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் ஒரே ஒரு பாதைதான் நடக்க முடியும் என்றால் டெலிகேட் ஆர்ச் என்ற இயற்கைப் பாறை வளைவுக்குப் போகும் இதையே சொல்வோம். போகவர சுமார் 5 கி.மீ. தூரம் பெரிதல்ல, வெயில்தான் சோதனை. வழியில் நிழலே கிடையாது. தொடங்கும் இடத்தில் கழிப்பறை உண்டு, குடிநீர் இல்லை. ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் எடுத்துச் செல்லுங்கள்.

பழைய உல்ஃப் பண்ணைக் குடிலைத் தாண்டியதும் பாறைச் செதுக்கல்களுக்கு ஒரு சிறு கிளைப்பாதை பிரிகிறது. வளைவைப் பார்க்கும் அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். குதிரை மேல் மனிதர்கள், பெருங்கொம்பு ஆடுகள், நாய் போன்ற விலங்குகள்: யூட் பழங்குடியினர் 1650க்கும் 1850க்கும் இடையில் செதுக்கியவை. ஸ்பானியர் வந்த பிறகே இங்கே குதிரை வந்தது. காலத்தைக் கணிக்க அதுவே முக்கியத் தடயம். தொடவே கூடாது, கைவிரல் எண்ணெய் பாறையைக் கெடுக்கும்.

அடுத்து வெறும் பாறைச் சரிவு. தடம் பதியாது என்பதால் அடையாளக் கற்குவியல்களைப் பார்த்தே ஏற வேண்டும். குழு சிதறுவதும் இங்கேதான். கடைசியாக வருபவர் யார் என்று முன்பே முடிவு செய்யுங்கள். கரிய மண்மேலோட்டில் கால் வைக்காதீர்கள், அது நுண்ணுயிர்கள் வாழும் உயிருள்ள படலம். கடைசி 180 மீட்டர் பாறை விளிம்பு, குளிர்காலத்தில் உறைபனியால் வழுக்கும். அது முடிந்ததும் 46 அடி உயரத் திறப்புடன் வளைவு சட்டென்று கண்முன் நிற்கும்.